மூணு தபாவின் நுரையீரல் வழக்கு

மைக் என்ற ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டி வந்ததே, மூணு தபா மாதிரி ஓர் ஆள் எல்லா ஊருக்கும் கிடைக்காததால்தான். இதை நான் மட்டும் சொல்லவில்லை. விழுப்புரத்தில் அவர் குரலை ஒரு தடவை கேட்ட யாரை விசாரித்தாலும் இதைத்தான் சொல்வார்கள்.

அவர் கோர்ட்டில் டவாலி. வெள்ளை உடுப்பு, மார்பின் குறுக்கே சிவப்புப் பட்டை. ஒரு வழக்கு எடுக்கப்பட்டதும் வராந்தாவுக்கு வந்து, சம்பந்தப்பட்டவர்களின் பெயரை மூன்று முறை கூவ வேண்டும்; அதனால்தான் மூணு தபா என்ற பட்டப்பெயர். மூன்றாவது கூப்பாட்டுக்கும் ஆள் வராவிட்டால் வழக்கு தள்ளுபடி. எந்தக் கோர்ட் என்று கேட்காதீர்கள். மனிதர் இப்போது பென்ஷன் வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார், அதைக் கெடுப்பானேன். நான் அந்த நாளில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா.

அவருடைய முதல் கூப்பாடு சைக்கிள் ஸ்டாண்டு வரை போகும். இரண்டாவது பஜ்ஜிக் கடை வரை. மூன்றாவது ரோட்டையே தாண்டிவிடும். ஒருமுறை அவர் "ராமலிங்கம்" என்று கூவியபோது, போய்க்கொண்டிருந்த டவுன் பஸ்ஸிலிருந்து வழக்குக்குச் சம்பந்தமே இல்லாத மூன்று ராமலிங்கங்கள் பதறி இறங்கி ஓடிவந்தார்கள். அவர்களில் ஒருவர் மேல் வேறொரு கோர்ட்டில் நிஜமாகவே வாரண்ட் இருந்தது என்பது பிறகு தெரிந்தது.

வேலையில் பிடித்த பழக்கம் ஆளையே பிடித்துக்கொண்டது. திண்டிவனத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். சீட்டில் யாராவது துண்டு போட்டு இடம் பிடித்திருந்தால், "துண்டுக்குச் சொந்தக்காரரு!" என்று மூன்று முறை கூவுவார். யாரும் வராவிட்டால் துண்டை மடித்து கண்டக்டரிடம் ஒப்படைத்துவிட்டு உட்கார்ந்துகொள்வார். வீட்டில் மட்டும் இந்தச் சட்டம் அவர் மேலேயே திரும்பியது. அவர் மனைவி காமாட்சி அக்கா சமையலறையிலிருந்தே குரல் கொடுப்பார்:

"சாப்புட வா, சாப்புட வா, சாப்புட வா! வரல இல்ல? தோசை தள்ளுபடி!"

இப்படிப்பட்ட மனிதரைத்தான் ஒரு பயம் வந்து மென்னியைப் பிடித்தது.

எங்கள் கோர்ட்டில் ஜப்தி உத்தரவைக் கொண்டுபோகிற அமீனா ஒருவர் இருந்தார். அவரும் மூணு தபாவும் இருபது வருஷமாக ஒரே தீக்குச்சியில் பீடி பற்றவைத்தவர்கள். அமீனாவுக்கு இருமல் வந்தது. முதலில் காட்டிய இடத்தில், ஒன்றுமில்லை, தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். மனிதர் நம்பிக்கையோடு எட்டு மாசம் இருமினார். நுரையீரலில் புற்றுநோய் என்று தெரிந்தபோது செய்வதற்கு எதுவும் மிச்சமில்லை. சுடுகாட்டிலிருந்து திரும்பும் வழியிலேயே மூணு தபா பீடிக்கட்டைத் தூக்கி எறிந்தார். மூன்றாம் நாள் அவருக்கு இருமல் வந்தது.

"அண்ணே, இது பீடிய நிறுத்துன இருமல்" என்றேன்.

"அவனுக்கும் ஒண்ணுமில்லன்னுதான் சொன்னாங்க தம்பி" என்றார்.

அதற்குப் பிறகு அவரிடம் எதைச் சொன்னாலும் வந்த பதில் இதுதான்.

விழுப்புரத்தில் நெஞ்சு டாக்டரம்மா ஒருவரிடம் நானே அழைத்துப்போனேன். எக்ஸ்ரே எடுத்தார்கள். சுத்தமாக இருந்தது. டாக்டரம்மா சிரித்துக்கொண்டே, "உங்களுக்கு ஒண்ணும் இல்லீங்க" என்றார்.

"சரிம்மா. அடுத்த வாய்தா எப்போ?"

"வாய்தாவா?"

"இன்னிக்கி இல்லன்னு சொல்றீங்க. அது வாய்தாதானேம்மா? தீர்ப்பு எப்போ?"

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தேன்.

திண்டிவனத்தில் சளி பரிசோதனை செய்துகொண்டார். அதிலும் ஒன்றுமில்லை. விழுப்புரம் எக்ஸ்ரேயைத் திண்டிவனத்து டாக்டரிடமும், திண்டிவனத்து ரிப்போர்ட்டை விழுப்புரத்து டாக்டரம்மாவிடமும் கொண்டுபோய் அப்பீல் செய்தார். இரண்டு பேரும் அதே தீர்ப்பைத்தான் சொன்னார்கள். எல்லாக் காகிதத்தையும் கேஸ் கட்டு மாதிரி நூல் போட்டுக் கட்டி, எக்ஸிபிட் ஏ-1, ஏ-2 என்று எண் போட்டு, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அலைந்தார். டீ குடிக்க வந்தவர்கள், ஜாமீன் கையெழுத்துப் போட வந்தவர்கள் எல்லோரும் அந்த எக்ஸ்ரேயை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்து அபிப்பிராயம் சொல்ல வேண்டியிருந்தது.

அப்படிப் பார்த்தவர்களில் ஒருவர் கெடார் ஏகாம்பரம். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற விவசாயி; எங்கள் வக்கீலின் கட்சிக்காரர். தன் நிலத்துக்குப் போகிற வண்டிப்பாதையைப் பக்கத்து நிலத்துக்காரர் வேலி போட்டு அடைத்துவிட்டார் என்று ஒன்பது வருஷமாகக் கோர்ட்டுக்கு நடந்துகொண்டிருந்தார். எக்ஸ்ரேயை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாத்தாம்பா வெளஞ்சிருக்குது. ரெண்டு பக்கமும் பருப்பு திரட்சியா இருக்குது. சொத்தையே இல்ல."

"உனக்கு இன்னாய்யா தெரியும்?"

"நாப்பது வருசமா மல்லாட்ட ஒடச்சிப் பாக்குறேன். எனக்குத் தெரியாதா?"

மூணு தபா ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

மூன்றாவதாக ஸ்கேன். தொந்தரவு தாங்காமல் டாக்டரம்மாவே எழுதிக்கொடுத்தார். ரிப்போர்ட் வந்தது: குறிப்பிடத்தக்க குறை எதுவும் இல்லை. இருபது வருஷம் கோர்ட்டில் நின்ற மனிதர் அந்த வரியை விடுவாரா?

"குறிப்பிடத்தக்க குறை இல்லன்னா, குறிப்பிட முடியாத குறை ஒண்ணு இருக்குதுன்னு ஆவுதே தம்பி!"

ஒரு வருஷம் கழித்து வந்து காட்டினால் போதும், அதுவரை இந்தப் பக்கமே வர வேண்டாம் என்று டாக்டரம்மா கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பினார். இதையெல்லாம் சொல்லிச் சொல்லி நாங்கள் கோர்ட்டில் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். ஒருநாள் காமாட்சி அக்கா என்னைத் தேடி வந்த பிறகுதான் அந்தச் சிரிப்பு நின்றது.

"எனக்கு மோட்டார் போடச் சொல்லிக் குடுக்குறாரு தம்பி. கேஸ் சிலிண்டர் புக்கு எங்க இருக்குது, பத்திரம் எங்க இருக்குதுன்னு காட்டிக்கினே இருக்காரு. செத்தா போயிட்டாரு? சாவல. ஆனா வூட்ல பொழைக்கவும் மாட்டேங்குறாரு."

எனக்கு என்னவோ போலாகிவிட்டது. பயம் என்று அதுவரை நான் நினைத்திருந்தது வேறு. இது, இருக்கிற மனிதரையே வீட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துக்கொண்டிருந்தது.

அடுத்ததாக மூச்சைச் சேமிக்கத் தொடங்கினார். மாடிப்படி ஏறுவதில்லை. சிரிப்பதில்லை. விருப்ப ஓய்வுக்கு என்னிடமே ஒரு கடிதம் டைப் அடித்து வாங்கி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கோர்ட்டில் பெயர் கூப்பிடுவதும் குறைந்தது. சைக்கிள் ஸ்டாண்டு வரை போன குரல், வராந்தாத் தூணைக்கூடத் தாண்டவில்லை.

அதுதான் வினையாக வந்து முடிந்தது. ஏகாம்பரத்தின் வழக்கு இறுதி விசாரணைக்கு வந்த நாள். எங்கள் வக்கீல் வேறொரு கோர்ட்டில் வாதாடிக்கொண்டிருந்தார். பெயர் கூப்பிட்டதும் ஓடிப்போய் அவரை அழைத்துவர வேண்டியது என் வேலை. நானும் ஏகாம்பரமும் பஜ்ஜிக் கடையில் காத்திருந்தோம். இத்தனை வருஷமாக எல்லோரும் அங்கேதான் காத்திருப்போம், அந்தக் குரலை நம்பி. இரண்டாவது தட்டு பஜ்ஜியும் முடிந்தது. குரல் வரவில்லை. மேலே போய்ப் பார்த்தால் வழக்கு தள்ளுபடி.

ஏகாம்பரம் வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஒம்போது வருசம்..." என்றார்.

மூணு தபாவின் முகத்தை அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டும். நான் என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்ட ஒரு முகத்தைப் பார்த்ததில்லை. என் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அதுவும் அப்படித்தான் இருந்திருக்கும்.

நல்ல வேளையாக, இப்படித் தள்ளுபடியான வழக்கை மறுபடி எடுக்கச் சொல்லி முப்பது நாளுக்குள் மனு போடலாம். மறுநாள் ஏகாம்பரம் எங்கள் வக்கீல் அறைக்குக் கையெழுத்துப் போட வந்தார். மூணு தபா வாசலில் வந்து நின்றார், கேஸ் கட்டு கக்கத்தில்.

"மன்னிச்சிடு பெரியவரே. மூணு தபா கூப்ட்டேன். ஆனா சத்தமாக் கூப்டல. என் நெஞ்சுல..."

"நிறுத்துய்யா!" ஏகாம்பரம் பேனாவைக் கீழே வைத்தார். "என்னை மூணு வாட்டி கூப்ட்ட. எங்காதுல வுழவேயில்ல. அப்பவும் வரலன்னு என் கேசைத் தள்ளிட்டீங்க. சரி, ரூல்ஸு. உன் வியாதிய எத்தினி வாட்டி கூப்ட்ட? எக்ஸ்ரே ஒண்ணு. சளி ரெண்டு. ஸ்கேனு மூணு. மிசினு வச்சி மூஞ்சிக்கு நேரா கூப்ட்டிருக்க. ஆஜராச்சா?"

"ஆவல."

"அப்பறம் இன்னாத்துக்கு அத்தக் கட்டிக்கினு அழுவுற? எனக்கு ஒரு ரூல்ஸு, அதுக்கு ஒரு ரூல்ஸா?"

இரண்டு டாக்டர்களும் நானும் காமாட்சி அக்காவும் மாசக்கணக்கில் தொண்டை வறளச் சொல்லியும் ஏறாதது, அந்த ஒரு நிமிஷத்தில் ஏறியது. ஆனாலும் மூணு தபாவின் கோர்ட் புத்தி எட்டிப் பார்த்தது.

"தள்ளுபடி ஆனாலும் முப்பது நாள் டைம் இருக்குது பெரியவரே. அதுவும் மனு போடலாம்."

"போடட்டுமே! முப்பது நாளு பாரு. போடலன்னா வேலையப் பாத்துக்கினு போ."

எங்கள் மனு விசாரணைக்கு வந்தபோது நீதிபதி ஐயாவே, "அன்னிக்கு நீ கூப்பிட்டது எனக்கே கேக்கலியேய்யா" என்று டவாலியைப் பார்த்துச் சொன்னார். எதிர்த்தரப்பும் அன்று கூப்பிட்டது கேட்காமல் கீழேதான் நின்றிருந்ததால் ஆட்சேபிக்கவில்லை. வழக்கு திரும்ப எடுக்கப்பட்டது. மூணு தபா வீட்டு காலண்டரில் நாட்களை அடித்துக்கொண்டே வந்தார்.

இருபத்தேழாம் நாள் திண்டிவனத்தில் நல்ல மழை. மறுநாள் கழுத்தில் மப்ளரோடு வந்து நின்றார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"மனு போட்டுருச்சு தம்பி."

"எப்பண்ணே?"

"மூக்கு வழியா."

ஒன்பது தும்மல், நடுவில் இருமல். பழைய பயம் அப்படியே முகத்துக்கு வந்துவிட்டது. மத்தியானம் ஆளைக் காணோம். ஸ்கேன் எடுத்த இடத்துக்குத்தான் போயிருப்பார் என்று நானும் பின்னாலேயே ஓடினேன். வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஒரு கால் படியில், ஒரு கால் தரையில். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ தெரியாது, சட்டை வியர்த்து நனைந்திருந்தது. என்னைப் பார்த்ததும் மேலே வைத்த காலைக் கீழே இறக்கினார்.

"நாலாவது தபா கூப்புட ரூல்ஸ் இல்ல தம்பி" என்றார். "வா, போலாம்."

நானும் அவரும் கோர்ட்டை நோக்கி நடந்தோம். பெரிய பெரிய வழக்குகளில் ஜெயித்து மாலையோடு வந்தவர்களையெல்லாம் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு மப்ளரோடு மூக்கை உறிஞ்சிக்கொண்டு நடந்தவரின் நடைக்கு அவர்கள் நடை உறை போடக் காணாது.

முப்பத்தோராம் நாள் ஏகாம்பரத்தின் வழக்கு. அன்றைக்கென்று ரோட்டில் ஏதோ ஒரு கட்சியின் ஊர்வலம். பேண்டு வாத்தியம், வெடி, வண்டியில் நாலு ஸ்பீக்கர். எங்கள் வக்கீல் இந்த முறை கோர்ட்டிலேயே காலையிலிருந்து காத்திருந்தார். நான் கோர்ட் வாசலை விட்டு நகரவில்லை. ஏகாம்பரம் மட்டும் தண்ணீர் குடிக்கிறேன் என்று கீழே இறங்கிப்போயிருந்தார். வழக்கு எண் வந்தது.

மூணு தபா வராந்தாவுக்கு வந்தார். மப்ளரைக் கழற்றி என் கையில் கொடுத்தார். சிவப்புப் பட்டையைச் சரி செய்தார். மூச்சை இழுத்தார். அந்த இழுப்பிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"கெடார் ஏகாம்பரம்!"

பேண்டு வாத்தியக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். சத்தியமாகச் சொல்கிறேன். ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தவர் "யாருப்பா அது?" என்று கேட்டது எங்களுக்கே கேட்டது. பஜ்ஜிக் கடைக்காரர் ஜல்லிக் கரண்டியோடு வெளியே வந்து கைதட்டினார். ஏகாம்பரம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியேறி ஓடிவந்து, அவர் முன்னால் வந்து நின்றார்.

"வந்துட்டேம்பா!"

"கெடார் ஏகாம்பரம்!" என்று அவர் முகத்துக்கு நேராக இரண்டாவது முறை.

"அதான் நிக்கிறேனே!"

"கெடார் ஏகாம்பரம்ம்ம்!" மூன்றாவது முறை சும்மா, சந்தோஷத்துக்கு. ஒரு இருமல் இல்லை.

வழக்கு ஜெயித்தது, வேலி அகன்றது. அடுத்த அறுவடைக்கு ஏகாம்பரம் அந்தப் பாதை வழியாகவே வண்டி ஓட்டி, அதிலிருந்து ஒரு மூட்டை மல்லாட்டையைக் கோர்ட்டுக்குக் கொண்டுவந்தார். அவித்து எல்லோருக்கும் கொடுத்தோம். மூணு தபா சட்டைப் பையிலிருந்த விருப்ப ஓய்வுக் கடிதத்தை எடுத்து, கூம்பாகச் சுருட்டி, அதில் மல்லாட்டையை நிரப்பி உரித்துத் தின்றுகொண்டே போனார். ஓய்வு பெறுகிற வயது வந்த பிறகுதான் ஓய்வு பெற்றார்.

பயம் அடியோடு போய்விட்டது என்று நான் கதைவிட மாட்டேன். டாக்டரம்மா சொன்னபடி வருஷத்துக்கு ஒரு தடவை போய்க் காட்டிவிட்டு வருகிறார். நடுவில் எப்போதாவது நெஞ்சு படபடத்தால் திண்டிவனத்து வீட்டின் மொட்டைமாடிக்குப் போய், "கேன்சர்! கேன்சர்! கேன்சர்!" என்று கூவுவார். ஒரு நிமிஷம் பார்ப்பார். "ஆஜராவல" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்து காபி கேட்பார். தெருக்காரர்களுக்கு இது பழகிவிட்டது, புதிதாகக் குடிவருகிறவர்கள்தான் பேஜாராகிப் போகிறார்கள்.

போன மாசம் எனக்கு இருமல். மூன்று வாரமாக நிற்கவில்லை. அதே டாக்டரம்மா, அதே ஸ்கேன் எடுக்கிற இடம். ரிப்போர்ட் சாயங்காலம்தான் கிடைக்கும் என்றார்கள். நான் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருஷம் அவரைக் கேலி செய்தவனுக்கு அப்போதுதான் அந்தப் படியில் அவர் நின்ற நிலை புரிந்தது. போன் போட்டு விஷயத்தை மட்டும் சொன்னேன். வரச் சொல்லவில்லை.

ஒன்றரை மணி நேரத்தில் திண்டிவனத்திலிருந்து வந்து இறங்கினார். நடுக் கூடத்தில் போய் நின்று, இல்லாத பட்டையைச் சரி செய்துகொண்டு, என் வியாதியை மூன்று முறை கூப்பிட்டார். நர்ஸ்கள் ஓடிவந்து திட்டினார்கள். அவர் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அது வரவில்லை, சாயங்காலம் வந்த ரிப்போர்ட்டிலும். எனக்காக வந்திருந்தது அவர் மட்டும்தான்.