எந்தக் கட்சியிலும் சேராத அடுப்படி

‘காளிராஜ் குழுவிலிருந்து வெளியேறினார்’ என்று வேல்பாண்டியின் கைப்பேசி சொன்னபோது, சாப்பாட்டு மேசை முழுக்க அலமாரிக் கதவில் ஒட்டும் லேமினேட்டின் மாதிரித் துண்டுகள் பரப்பிக் கிடந்தன.

"ஈஸ்வரி, ஒந்தம்பி குடும்பக் குரூப்ப விட்டே போயிட்டான்."

"எதுக்குங்க?"

"யாருக்குத் தெரியும்? புது கிச்சன் எப்படி வரும்னு ஒரு படம் போட்டேன். அம்புட்டுத்தான்."

பாண்டீஸ்வரி கையைத் துடைத்துக்கொண்டு வந்து படத்தைப் பார்த்தாள். மாடுலர் கிச்சன் போடும் ஹரீஷ் கம்ப்யூட்டரில் வரைந்து அனுப்பியது. கீழ் அலமாரி பச்சை, மேல் அலமாரி மஞ்சள். ரீல்ஸில் பார்த்துப் பார்த்து அவளே பொறுக்கிய கலர்கள்தான். ஆனாலும் இப்போது நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள்.

"அய்யய்யோ, இது எங்கண்ணன் கட்சிக் கொடியாச்சேங்க!"

வேல்பாண்டி மறுபடி பார்த்தார். ஆமாம். நடுவில் இருந்த சிம்னியை எடுத்துவிட்டு ஒரு கம்பத்தைச் சொருகினால் அப்படியே ஏற்றிவிடலாம்.

பாண்டீஸ்வரிக்கு ஓர் அண்ணன், மருதுபாண்டி. ஒரு தம்பி, காளிராஜ். அண்ணன் கட்சிக்குப் பச்சை மஞ்சள், தம்பி கட்சிக்கு நீலம் ஆரஞ்சு. சாக்கோட்டை ஒன்றியத் தேர்தலில் இரண்டு பேரும் ஒரே வார்டில் எதிரெதிராக நின்றார்கள். ஊர் ஓட்டைச் சரிபாதியாகப் பிரித்தார்கள். அலட்டிக்கொள்ளாமல் வீட்டில் படுத்திருந்த மூன்றாவது ஆள் ஜெயித்துவிட்டார். அதோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது.

ஆவணியில் வேல்பாண்டியின் மகள் நாகஜோதிக்குக் கல்யாணம். தாய்மாமன்கள் இரண்டு பேரும் சீர் கொண்டுவந்து மேடையில் நிற்க வேண்டும். அண்ணன் சொல்லிவிட்டார்: "அவன் ஏறுற மேடைல நான் ஏறமாட்டேன்." தம்பியும் அதையேதான் சொன்னான். ஆக, அந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு பேருக்கும் ஒத்த கருத்து.

"மாமன் இல்லாமப் பொண்ணு மணவறைல ஒக்காந்தா சம்பந்தி வீட்டுல என்ன பேசுவாக?" என்று பாண்டீஸ்வரி தினமும் புலம்பினாள். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். புது அடுப்படியில் பால் காய்ச்சும் அன்றைக்கு இரண்டு பேரையும் வரவழைத்து, கையில் ஆளுக்கொரு டம்ளர் பாலைக் கொடுத்து, சேர்த்து வைத்துவிடுவது.

அடுப்படி வருவதற்குள் தம்பி போய்விட்டான்.

"நீ கவலப்படாத" என்றார் வேல்பாண்டி. "நான் எதுக்கு இருக்கேன்?"

அவர் சர்வேயர். அண்ணன் தம்பி சொத்துத் தகராறு என்றால் சங்கிலியோடு போய் அளந்து, கல் நட்டுவிட்டு வருகிறவர். ஒரு அடுப்படி எம்மாத்திரம்?

ஹரீஷைக் கூப்பிட்டார். "தம்பி, கீழ பச்சை இருக்கட்டும். மேல மஞ்சள எடுத்துட்டு நீலம் போட்டுருங்க. ஆளுக்குப் பாதி."

"சார், பச்சையும் நீலமும் சேராது சார்."

"அதைச் சேக்கத்தானய்யா இம்புட்டுப் பாடு!"

புதுப் படத்தை எடுத்துக்கொண்டு செக்காலையில் மருதுபாண்டியின் உரக்கடைக்குப் போனார்.

"வாங்க மாப்ள, டீ சாப்புடுறீகளா?" என்று ஆரம்பித்த மருதுபாண்டி, படத்தைப் பார்த்ததும் டீயை ரத்து செய்தார். "அதென்ன மாப்ள, அவன் கட்சி மேல, எங்க கட்சி கீழ?"

"மேல கீழன்னு இல்ல மச்சான். அலமாரி..."

"கீழ் அலமாரில என்ன வைப்பீக?"

"வெங்காயம், உருளைக்கெழங்கு, குப்பைக் கூடை..." சொல்லிக்கொண்டிருக்கும்போதே வேல்பாண்டிக்கு உறைத்துவிட்டது.

மேல் கீழாக மாற்றினார். பச்சை மேலே ஏறியது, நீலம் கீழே வந்தது. அன்று சாயங்காலமே காளிராஜ் போன் போட்டான். படம் அவனுக்கு எப்படிப் போனது என்று வேல்பாண்டி கேட்கவில்லை. கட்சிக்காரர்களுக்கு எல்லாம் போய்விடும்.

"மச்சான், குப்பைக் கூடை எங்குட்டு இருக்கு?"

"மாப்ள, கேளு..."

"எங்குட்டு இருக்குன்னு மட்டும் சொல்லுங்க."

சரி, மேல் கீழ்தானே பிரச்சினை? இடம் வலமாகப் பிரித்துவிடலாம். ஜன்னலின் நடுவே நூல் பிடித்து, அங்குட்டுப் பச்சை இங்குட்டு நீலம் என்று சரிசமமாக அளந்து கொடுத்தார். கல் நடாததுதான் பாக்கி. பாண்டீஸ்வரி அந்தப் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "அடுப்பு யாரு பக்கங்க?" என்றாள்.

"அண்ணன் பக்கம்."

"அப்பச் சிங்க்கு?"

"தம்பி பக்கம்."

"எச்சிப்பாத்திரத்தை அவன் தலைல கட்டுறீகளா?"

அடுப்பையும் சிங்க்கையும் இடம் மாற்றினார். உடனே அண்ணனிடமிருந்து தகவல் வந்தது: எச்சில் பாத்திரம் கழுவ எங்கள் கொடிதான் கிடைத்ததா?

கைப்பிடியிலாவது சண்டை வராது என்று நினைத்து, வளைந்த கைப்பிடியாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அது குடைக்காம்பு மாதிரி இருக்கிறது என்றான் காளிராஜ். ஜெயித்த அந்த மூன்றாவது ஆளின் சின்னம் குடை. இரண்டாவது தடவையாக அண்ணனும் தம்பியும் ஒரே கருத்து. வேல்பாண்டி கைப்பிடியே வேண்டாம், தட்டினால் திறக்கிற மாதிரிப் போடு என்றார்.

"சார், பேசாம வெள்ள போட்டுருவோமா?" என்றான் ஹரீஷ். அவன் முகமே வெளுத்துத்தான் இருந்தது.

வெள்ளை என்றதும் மருதுபாண்டி உரக்கடையிலிருந்து நேரே வீட்டுக்கே வந்துவிட்டார். வாசல்படியில் நின்றே கேட்டார். "வெள்ளக்கொடி காட்டுறீகளா? யாருகிட்ட யாரு சரண்டர்? அவனா நானா? அத மொதல்லச் சொல்லுங்க."

சாம்பல் கலர் என்றதும் காளிராஜ் சிரித்தானாம். "எங்க கட்சி சாம்பலாப் போச்சுன்னு மச்சான் சுவத்துலயே எழுதிட்டாரு. நல்லாருக்கு. நல்லா இருக்கட்டும்." அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. அவன் சிரித்ததுதான் வேல்பாண்டியைத் தூங்கவிடவில்லை.

"கலரே வேணாம்யா. பலகைய அப்படியே விட்டுரு."

"கரையான் ஏறிரும் சார்."

"கரையான் எந்தக் கட்சி?"

ஹரீஷ் அளவு டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டான். பாவம், அவன் மற்ற வீடுகளில் புருசன் பொண்டாட்டி சண்டையைத்தான் பார்த்திருக்கிறான்.

அந்த வாரக் கடைசியில் இரண்டு மாமன்களும் தனித்தனியாகச் சொல்லி அனுப்பினார்கள். பால் காய்ச்ச வரமாட்டோம். கல்யாணத்துக்கும் சந்தேகந்தான். நாகஜோதி, "விடுங்கப்பா, ரிஜிஸ்டர் ஆபீஸ்ல பண்ணிக்கிறேன்" என்றாள். பாண்டீஸ்வரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

வேல்பாண்டி லேமினேட் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துக்கொண்டே வந்தார். கடைசியில் ஒரு துண்டு மிஞ்சியது. சந்தனக் கலர். சந்தனத்துக்குக் கொடி கிடையாது. சந்தனத்தை எல்லாக் கட்சிக்காரனும் நெற்றியில் வைப்பான்.

"ஈஸ்வரி! சந்தனம்!"

அவள் துண்டை வாங்கிப் பார்த்தாள். பிறகு, "சரிங்க" என்றாள். "இதோட விடுங்க. இனிமே நீங்க யார்ட்டயும் படங்கிடம் காட்டாதீக. அண்ணனையும் தம்பியையும் கூப்பிடுறது என் பொறுப்பு."

கல்யாணம் ஆனதிலிருந்து அவள் இவ்வளவு சீக்கிரம் அவர் சொன்னதை ஒத்துக்கொண்டதில்லை. வேல்பாண்டிக்குப் பெருமையாக இருந்தது. ஹரீஷுக்குப் போன் போட்டு, "சந்தனம். முடிஞ்சு போச்சு" என்று கம்பீரமாகச் சொன்னார்.

அலமாரி மாட்டிய அன்றைக்கு அவர் ஊரில் இல்லை. திருக்கோஷ்டியூர்ப் பெருமாளுக்கு முதல் பத்திரிகை வைக்கப் போயிருந்தார். திரும்பி வந்து பார்த்தபோது கதவுகள் எல்லாம் ஷீட் ஒட்டி மூடியிருந்தன.

"பால் காய்ச்சுறப்பத்தான் உரிக்கணும் சார், கீறல் விழுந்துரும்" என்றான் ஹரீஷ்.

மறுநாள் காலையில் தெருவின் அந்த முனையில் ஒரு கார் வந்து நின்றது, இந்த முனையில் ஒரு கார் வந்து நின்றது. மருதுபாண்டி பச்சைக் கரை வேட்டியில் இறங்கினார். காளிராஜ் நீலக் கரையில் இறங்கினான். ஒருவரை ஒருவர் பார்க்காமலே ஒரே வாசலில் நுழைவதற்கு இரண்டு பேரும் நன்றாகப் பழகியிருந்தார்கள்.

வேல்பாண்டி முன்னால் வந்து கையை உயர்த்தினார். "உரிங்க தம்பி!"

ஹரீஷ் ஷீட்டைச் சர்ரென்று இழுத்தான்.

கீழே கத்தரிப்பூ கலர். மேலே பளபளவென்று ரோஸ்.

அடுப்பில் பால் பொங்கியது.

"டேய் காளி" என்றார் மருதுபாண்டி. மூன்று வருசத்தில் முதல் வார்த்தை. "பாத்தியாடா?"

"பாத்துட்டேண்ணே."

"போன மாசந்தான் அந்தப் புதுக் கட்சிக்காரய்ங்க மாநாட்டுல இந்தக் கொடிய ஏத்துனாய்ங்க. ஒங்க கட்சி ஆளுக பாதிப்பேரு அங்குட்டுத்தானடா போனது?"

"ஒங்க ஒன்றியச் செயலாளரும் போயிட்டாருல்லண்ணே. அவிங்க கொடிய அடுப்படில ஏத்திருக்காரு நம்ம மச்சான்!"

"மச்சான், மாப்ள, சத்தியமா எனக்கு ஒன்னுந் தெரியாது!" என்று வேல்பாண்டி பதறினார். "நான் சர்க்காரு ஆளு!"

"நம்மள மோதவிட்டு வேடிக்க பாத்துருக்காருடா. பச்சைங்கிறாரு, நீலங்கிறாரு, வெள்ளைங்கிறாரு. கடைசில இதானா சங்கதி!" மருதுபாண்டி தம்பியின் தோளைப் பிடித்தார். "கல்யாணத்துல இவரு ஆளுகள மேடையேத்தி நம்ம பிள்ளைக்கு மாமன்முறை செய்ய வச்சுருவாருடா. விட்டுருவமா?"

"மணவறைக்கு இந்தப் பக்கம் நான் நிக்கிறேன். அந்தப் பக்கம் நீங்க நில்லுங்க. எவன் ஏறுறான்னு பாத்துருவோம்ணே."

"சீர்த்தட்டு ஒன்னாவே எடுப்போம். மேளத்துக்கு நான் சொல்லிர்றேன்."

பாண்டீஸ்வரி இரண்டு டம்ளர் பாலை நீட்டினாள். இருவரும் தங்கச்சிக்காகவும் அக்காவுக்காகவும் குடித்தார்கள். வேல்பாண்டியை முறைத்துக்கொண்டே குடித்தார்கள். பிறகு அண்ணன் கார் அங்கேயே நிற்க, தம்பி காரில் இருவரும் ஏறி, கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டே போனார்கள்.

வேல்பாண்டி ஹரீஷின் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார். "ஏன்யா, நான் சந்தனந்தானய்யா சொன்னேன்? யாரு கேட்டு மாத்துன?"

ஹரீஷ் மெதுவாகப் பாண்டீஸ்வரியைப் பார்த்தான். அவள் மிச்சப் பாலுக்குச் சர்க்கரை போட்டுக்கொண்டிருந்தாள்.

"சார், நீங்க சந்தனம்னு சொன்ன மறுநாளே மேடம்தான் அந்தக் கட்சிக் கொடியப் படம் புடிச்சு அனுப்பி, 'இதுல பொட்டளவு மாறுனாலும் எங்கண்ணனும் தம்பியும் ஒன்னு சேரமாட்டாக, பாத்துப் பண்ணுங்க தம்பி'ன்னாக."