றேடியோ மிஸ்ஸி எண்ணிய மூச்சு

காதடியில் இரைந்து கடிக்க வரும் நுளம்பை அடிப்பதற்கு முன்புகூட அதற்கு முறைப்படி அறிவித்தல் கொடுக்கக்கூடிய பிறவி இந்தக் குடாநாட்டில் ஒருத்திதான். எங்கள் வார்ட்டில் அவளுக்குப் பெயர் றேடியோ மிஸ்ஸி. தாதி வேலைக்குப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை. சொந்தப் பெயரைச் சட்டையில் குத்தியிருந்தாள், ஒருவரும் வாசிக்கவில்லை.

நான் அப்போது அச்சுவேலிச் சந்தையில் வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். அதற்கு முன் மயிலிட்டியில் வள்ளம் தள்ளினேன். அதற்கும் முன் வேறு ஊர், வேறு வேலை. ஒருநாள் லொறியிலிருந்து மூட்டையோடு விழுந்தேன். மூட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத் தொடையெலும்பு முறிந்தது. லொறிக்காரன் என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, மிச்ச வெங்காயம் வெயிலில் கிடக்கிறதென்று திரும்பிப் போனான். அவனில் பிழையில்லை. காலில் எடை கட்டித் தொங்கவிட்டார்கள். முகட்டில் சுழலும் காற்றாடியைப் பார்ப்பதே பிறகு என் தொழிலாயிற்று.

மற்றத் தாதிகள் வருவார்கள், கையைப் பிடிப்பார்கள், போவார்கள். றேடியோ அப்படியில்லை. கட்டிலடியில் நிமிர்ந்து நின்று செய்தி வாசிப்பாள்.

"அண்ணை, நாடி பார்க்கப் போறன். வலக்கை. பிடிக்கட்டோ?"

"பிடியுங்கோ மிஸ்ஸி."

"பிடிச்சிட்டன்."

விரிப்பு மாற்ற வந்தால் இன்னும் மோசம். "அண்ணை, முதுகுக்குக் கீழை ஒரு சுருக்கம் இருக்கு. விட்டால் படுக்கைப் புண் வரும். கையை உள்ளுக்கு விடுறன்." விட்டாள். தடவினாள். "பிஸ்கற் தூள்!" என்றாள், தேர்தல் முடிவு சொல்கிற குரலில். வார்ட்டு முழுவதும் நான் கட்டிலில் கிடந்து பிஸ்கற் தின்பவன் என்று அறிந்துகொண்டது.

பக்கத்துக் கட்டிலில் ஒருவர் நினைவில்லாமல் கிடந்தார். அவருக்கும் விடாமல் ஒலிபரப்பினாள். "அப்பா, உங்களை இடப்பக்கம் திருப்பப் போறன். பயப்பிடாதேங்கோ."

எதிர்க் கட்டிலில் கோப்பாய்ப் புகையிலைக்காரர் ஒருவர், வாயாடி மனுசன். "எடி பிள்ளை, அந்தாளுக்கு ஒண்டும் கேளாது."

"கேட்டாலும் கேக்கும் ஐயா. சொல்லாமல் தொட்டால் ஆரும் திடுக்கிடுவினமெல்லோ."

கேட்டுத்தான் இருக்கிறது. நினைவு திரும்பியபோது அவருடைய முதல் வார்த்தை: "பிள்ளை, கொஞ்சம் கதையாமல் இரும்."

இப்படிப்பட்டவளுக்குத் தாதிப் படிப்பு ஒரு பொறி வைத்திருந்தது. எதைச் செய்தாலும் நோயாளியிடம் சொல்லிவிட்டுச் செய் என்பதுதான் பாடம். மூச்சு எண்ணும்போது மட்டும் சொல்லக்கூடாது. சொன்னால் மூச்சு மாறிவிடும். நாடி பார்க்கிற பாவனையில் கையைப் பிடித்தபடியே நெஞ்சைப் பார்த்து எண்ணவேண்டும். மற்றப் பிள்ளைகளுக்கு இது கண்மூடித் திறக்கிற வேலை. றேடியோ கோப்பாயாரின் கையைப் பிடித்துக்கொண்டு தவித்தாள். கடைசியில் பொறுக்கமுடியாமல் அறிவித்தாள்:

"ஐயா, இப்ப நான் ஒண்டுமே செய்யப் போறேல்லை."

கோப்பாயார் பயந்துபோய் மூச்சை அடக்கினார். அவரைப் பார்த்து நாங்களும் அடக்கினோம். வார்ட்டு கடலுக்கடியில் கிடந்தது.

"எண்ணி முடிச்சிட்டியோடி? நான் சாகப் போறன்!"

சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. இதே மூச்சு எண்ணுவதில்தான் செய்முறைப் பரீட்சையில் ஏற்கெனவே ஒருமுறை தவறியிருந்தாள். இன்னொருமுறை தவறினால் படிப்பை விட்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான். பரீட்சைக்குப் படுக்க நோயாளியும் அகப்படவில்லை. கோப்பாயார் கையெடுத்துக் கும்பிட்டார். என்னிடம் வந்தாள்.

"அண்ணை, நீங்கள் இருப்பீங்களோ?"

"எங்கை போறது மிஸ்ஸி? காலைக் கட்டியெல்லோ வைச்சிருக்கு."

பரீட்சையன்று விடியவே வந்து நின்றாள். "அண்ணை, ஒண்டு சொல்லிப்போடுறன். இண்டைக்கு ஒருக்கால் உங்கடை மூச்சை எண்ணுவன். எப்ப எண்டு சொல்லமாட்டன். சம்மதமோ?"

"ஓம்" என்றேன். அதோடு என் மூச்சு கெட்டது. பிறந்த நாள் முதல் தன்பாட்டில் நடந்த காரியத்தை நான் கையால் இழுத்து விடவேண்டியதாயிற்று.

பரீட்சைக்கு வந்த பெரிய மிஸ் கண்ணாடிக்கு மேலால் பார்க்கிறவர். றேடியோ கை கழுவினாள், மறைப்பை இழுத்தாள், காய்ச்சல் பார்த்தாள், நாடி பார்த்தாள். எல்லாம் சொல்லிச் சொல்லி, சரியாக. பிடித்த கையை விடவில்லை. எனக்கு விளங்கிவிட்டது. என் நெஞ்சு கொல்லன் துருத்திபோல அடித்தது. அவள் நெற்றியில் வியர்வை. உதடு பிரிந்தது. போச்சு, அறிவிக்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

"அண்ணை, வீட்டிலை ஆர் இருக்கினம்?"

ஆர் இருக்கிறார்கள் என்று மனதுக்குள் தேடிப்போனேன். அம்மா செத்துப்போனா. தங்கச்சி வெளிநாட்டில்; அவளுடைய பழைய தொலைபேசி இலக்கம் இப்போது எடுபடுவதில்லை. மயிலிட்டியில் ஒரு வீட்டு விறாந்தையில் படுக்க விட்டார்கள். அந்தச் சனத்துக்கு என் முகம் நினைவிருக்குமோ? படுத்த படுக்கையிலேயே ஒவ்வோர் ஊராகப் போய் வாசல் படலையைத் தட்டிப் பார்த்தேன். எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேனோ, திரும்பி வந்தபோது அவள் என் கையை விட்டு எழுதிக்கொண்டிருந்தாள்.

"நல்லது. கவனத்தைத் திருப்பிப்போட்டு எண்ணியிருக்கிறீர்," என்றார் பெரிய மிஸ்.

தேறிவிட்டாள். மறைப்புக்கு அப்பாலிருந்து கோப்பாயார் கைதட்டினார். நானும் சிரித்தேன். பிள்ளை கடைசியில் தந்திரம் பழகிவிட்டாள், நல்லதுதான். ஆனால் மத்தியானச் சோற்றைத் தொடாமல் தள்ளி வைத்தேன்.

பின்னேரம் நோயாளர் பார்க்கிற நேரம். கட்டிலுக்குக் கட்டில் சனம், சுடுதண்ணிப் போத்தல், குழந்தைகளின் சத்தம். நான் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக் கிடந்தேன். கட்டிலடியில் ஆரோ உட்கார ஸ்ரூல் இழுக்கிற சத்தம் கேட்டது. றேடியோ, வீட்டு உடுப்பில்.

"அண்ணை, காலமை ஒண்டு கேட்டனான். நீங்கள் பதில் சொல்லேல்லை."

"அது மூச்சு எண்ணக் கேட்டதெல்லோ மிஸ்ஸி?"

"அதுக்கும்தான். கேட்டால் பதிலையும் கேக்கோணுமெல்லோ. சொல்லுங்கோ."

சொல்லத் தொடங்கினேன். ஆளில்லாத கதையும் நீளமாகத்தான் இருந்தது. அவள் ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. நோயாளர் பார்க்கிற நேரம் முடிந்து மணி அடித்தது. எல்லாக் கட்டிலடியிலிருந்தும் சனம் எழும்பியது. என் கட்டிலடியிலிருந்தும் ஓர் ஆள் எழும்பிப் போனது.