வாசலில் ஒரு கட்டைவிரல் இடம்

உலகத்தில் பச்சை என்று ஒரு நிறமே கிடையாது என்று கடைசிவரை சாதித்தவர் எங்கள் ரப்பர் தோட்டத்துக்குக் காவல் இருந்த வாச்சர். பச்சைகள்தான் உண்டாம். குறைந்தது பன்னிரண்டு. அதனாலேயே அவருக்குப் 'பன்னெண்டு பச்சை' என்று பெயர். சொந்தப் பெயர் செக்ரோல் என்கிற சம்பளப் பதிவேட்டோடு சரி.

மனைவிக்கு ஏழு வருடமாகக் குவைத்தில் வீட்டு வேலை. போனில் படம் அனுப்பினால், "எல்லாம் ஒரே பச்சையா தெரியுதுங்க, நம்ம மலை மாதிரியே இல்ல" என்றாராம். அன்றே சீனிச் சாக்கைக் கிழித்து விரித்து, வரிசை வீடுகளான லயத்தில் தன் வாசலிலிருந்து தெரியும் மலையைத் தைக்கத் தொடங்கிவிட்டார்.

யட்டியாந்தோட்டை நூல்கடைக்கு, தயிர்க் கோப்பையில் தண்ணீர் ஊற்றி, அதில் ஓர் இலையைப் போட்டுக்கொண்டு போவார். பஸ் போய்ச் சேருவதற்குள் இலை நிறம் மாறிவிட்டதென்று வெறுங்கையோடு திரும்புவார். "அய்யே, கொள கியன்னே கொள நே?" பச்சை என்றால் பச்சைதானே என்று கடை முதலாளி ஒருநாள் அலுத்துக்கொண்டார். இவரும் சிங்களத்திலேயே, அப்படியானால் உங்கள் சம்சாரமும் மாமியாரும் ஒன்றா என்று கேட்டார். உள்ளேயிருந்து இரண்டு பெண்களும் எட்டிப் பார்த்தார்கள். அதன்பின் இவர் தலை தெரிந்தால் முதலாளி நூல்பெட்டியைக் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றுகொள்வார்.

ஊசியில் நாலு இழை. மலையுச்சிக்கு மூன்று கரும்பச்சை, ஒன்று இளம்பச்சை. கீழே இறங்க இறங்க இரண்டுக்கு இரண்டு, பிறகு ஒன்றுக்கு மூன்று. சாய்ந்த சிறு தையல்களில் மலைமேல் வெயில் இறங்குவது தெரியும். தோட்டப் பள்ளிக்கூட வாத்தியார் வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்ற அன்று போர்த்திய பொன்னாடையிலும் ஒரு பச்சை இருந்தது. "ஒரு இழை மட்டும் சார்" என்று கேட்டுக் கேட்டே அதைக் கைக்குட்டையாக்கினார்.

பக்கத்து லயத்துப் பெண்ணொருத்தி குவைத் புறப்பட்டபோது, அவளிடம் கொடுத்தனுப்பும்படி படத்தை என்னிடம் வைத்துவிட்டு வேலைக்குப் போனார். விரித்துப் பார்த்தேன். படத்தின் அடியில், தைத்திருந்த வாசலருகே கட்டைவிரல் அகலத்துக்கு வெறும் சாக்கு. அதில் குத்திய ஊசி, கூடவே ஒரு நூல்முடிச்சு. மறந்துவிட்டார் என்று நினைத்து, ஒரே பச்சையில் அந்த இடத்தை அடைத்தேன். ஊசியையும் மீதி நூலையும் எடுத்து வைத்துக்கொண்டு படத்தை அனுப்பிவிட்டேன். பெருமை வேறு.

மாலையில் வந்தார். "வாசல்ல ஒரு எடம் விட்டிருந்தேனே சார்?"

"நானே முடிச்சுட்டேன்."

மேசையில் கிடந்த ஊசியையே பார்த்தார். "அது அவ நட்டுட்டுப் போன கருவேப்பிலைங்க சார். மலைய நீங்க தைங்க, மரத்த நான் தைச்சு முடிச்சு எடுத்துக்கிட்டே ஊருக்கு வந்துடுறேன்னு சொல்லியிருந்தா."

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். "சின்ன எடந்தானே" என்றேன்.

அடுத்த வாரம் குவைத்திலிருந்து அவர் மனைவியின் போன் வந்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன். "மலையெல்லாம் நம்மளுதுதாங்க. வாசல் மரம் மட்டும் வேற யாரோ நட்டது" என்றார் அந்த அம்மா.

"நம்ம சார் நட்டது. திட்டாத, தண்ணியும் அவருதான் ஊத்துறாரு" என்றார் இவர், என்னைப் பார்த்துச் சிரித்தபடி.

அந்த அம்மா ஊருக்கு வராமல், குவைத்திலேயே இன்னும் இரண்டு வருட வேலைக்குக் கையெழுத்துப் போட்டார். என் தையலால்தான் என்று யாரும் சொல்லவில்லை. நான் சொல்லிக்கொள்கிறேன். அந்த இரண்டு வருடம் முடியுமுன், ரப்பர் இலை உதிரும் மாதத்தில், வாச்சர் கண்ணை மூடிவிட்டார்.

வீடு பூட்டிக் கிடக்கிறது. ஊசியும் நூலும் என்னிடம் இருக்கின்றன, அந்த அம்மா வந்தால் கொடுக்க. கருவேப்பிலைக்குத் தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன். அந்த ஒரு மரத்திலேயே இதுவரை ஐந்து பச்சை பார்த்துவிட்டேன். அவரிடம் சொன்னால், "மிச்சத்தையும் பாருங்க சார்" என்பார்.