பெரகலயில் ஒரு தட்டு கணவாய்

"எனக்கு வேணாங்க, வயிறு ஒரு மாதிரியா இருக்கு" என்று சொன்னதுமே, சொல்லியிருக்கக் கூடாது என்று சிவஞானத்துக்குப் புரிந்துவிட்டது.

மாப்பிள்ளையின் தாய் கலாராணி கரண்டியைக் கீழே வைத்தார். "என்ன வருத்தம்? ஒங்க குடும்பத்துல எல்லாருக்கும் இந்த நோய் இருக்கா?"

மகள் மதுஷா மேசைக்கடியில் அப்பாவின் காலை மிதித்தாள்.

சம்மதம் சொல்லும்வரை பெண் வீட்டில் கை நனைப்பதில்லை. அதனால்தான் பேச்சு பெரகல சந்தியில், 'கடல் முத்து' சாப்பாட்டுக் கடையில். கடையைத் தேர்ந்தெடுத்தது மாப்பிள்ளை சதீஸ்குமார். காலி நகரப் பக்கம் ஒரு கடற்கரை ஹோட்டலில் சமையல் வேலை. மலைக்கு வந்தும் அவனுக்குக் கடல் வேண்டியிருந்தது.

மேசை நடுவே கணவாய் மீன் பொரியலில் ஆவி பறந்தது. மகளுக்கு வரன் அமையும்வரை மீனும் இறைச்சியும் தொடுவதில்லை என்று கதிர்காமத்தில் நேர்ந்துகொண்டவர் சிவஞானம். நேர்ந்து ஐந்து வருடமாகிறது. சொன்னால், ஐந்து வருடமாக ஏன் அமையவில்லை என்றுதான் அடுத்த கேள்வி வரும்.

"வருத்தமெல்லாம் ஒன்னுமில்லீங்க." ஒரு கரண்டி போட்டுக்கொண்டார். கலாராணி தண்ணீர் குடித்த நேரம் பார்த்து அதை மகளின் தட்டுக்குத் தள்ளினார்.

"பிள்ள நல்லாவே சாப்புடும் போல" என்றார் கலாராணி. அது பாராட்டில்லை.

அடுத்த கரண்டி கைலேஞ்சித் துணிக்குள் சுருண்டு சட்டைப் பையில் இறங்கியது. காலித் தட்டைப் பார்த்த சதீஸ்குமார் குதூகலமானான்.

"மாமாவுக்குப் புடிச்சிருச்சு! ஜெஸீம் நானா, இன்னொரு தட்டு கொண்டாங்க!"

கடை முதலாளி ஜெஸீம் தானே கொண்டுவந்து வைத்தார். அதற்குள் சட்டைப் பையில் எண்ணெய் வட்டமாக விரிந்திருந்தது.

"அது என்ன நெஞ்சுல?" கலாராணி எட்டிப் பார்த்தார்.

"வேர்வைங்க."

"இந்தக் குளிர்லயா? அதுவும் ஒரு பக்கம் மட்டும்?" மகன் பக்கம் சாய்ந்தார். "இருதய வருத்தக்காரருக்கு இப்பிடித்தான் வேர்க்குமாம்டா."

மதுஷாவின் முகம் வாடிவிட்டது. அதற்கு மேல் சிவஞானத்தால் தாங்க முடியவில்லை. 'முருகா, பிள்ளைக்காக' என்று கண்ணை மூடி ஒரு கை அள்ளிப் போட்டார். மென்றார். விழுங்கினார். இன்னொரு கை.

"பாருங்கம்மா, வருத்தக்காரரு சாப்புடுற சாப்பாடா இது?" சதீஸ்குமார் சிரித்தான். "இம்புட்டு மெத்துன்னு இருக்கிற கணவாய் எங்க ஹோட்டல்லயே கெடையாது. எனக்குத் தெரியாததா?"

கலாராணிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "சரிண்ணே, நாள் பாருங்க."

சிவஞானம் கை கழுவும் இடத்துக்கு ஓடினார். சம்பந்தம் கூடிவிட்டது. அதற்கு இரண்டு கவளம் முன்னால் நேர்த்தி முறிந்துவிட்டது. குழாயைத் திறந்துவிட்டுச் சத்தமில்லாமல் அழுதார்.

துவாயோடு வந்த ஜெஸீம் அந்த முகத்தைக் கண்டு வெலவெலத்துப் போனார். பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஐயா, நீங்க கண்டுபுடிச்சிட்டீங்க, மாப்பிள்ளைக்கிட்ட மட்டும் சொல்லிறாதீங்க. இன்னைக்கி மீன் லொறி வரல்ல, பொரிச்சுப் போட்டது பூராவும் வெலிமடைக் காளான்."