கந்தப்பன் தலை இல்லாத கேசட்

முதலிபாளையம்
14.6.1993

அன்புள்ள மகன் சிவசுப்பிரமணியத்துக்கு அம்மா நஞ்சம்மாள் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் தங்கச்சியும் அவள் மகள் சௌமியாவும் சுகம். ஜெர்மனியில் குல்லாய் போடாமல் வெளியே போகாதே.

பேத்தியின் காதுகுத்தை வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னாயல்லவா, இத்துடன் கேசட் வருகிறது. எடுத்தது நான்தான். அஞ்சாவது படித்தவள் கேமரா பிடித்ததை ஊரே பார்த்தது. ஆனால் கேசட்டைப் பார்த்துப் பயந்துவிடாதே. தாய்மாமன் நீ இல்லாததால் உன் சித்தப்பன் மகன் கந்தப்பன் மடியில் குழந்தையை உட்காரவைத்தோம். உன் இடத்தில் அவன் மூஞ்சியைப் பார்த்தால் உனக்கு மனசு கேட்குமா? அதனால் கழுத்துக்கு மேல் வராமலே எடுத்திருக்கிறேன். தலையில்லாமல் ஒரு ஆள் வேட்டி கட்டி உட்கார்ந்திருந்தால் அது கந்தப்பன்தான். "ஏனுங்க பெரியம்மா, எம்பட தலைக்கு என்ன கேடு?" என்றான். "பேசாம உக்காருடா" என்றுவிட்டேன்.

ஆடினால் படம் கெட்டுவிடும் என்று நீ சொல்லிவிட்டுப் போனாயே, போட்டோவுக்கு நிற்கிற மாதிரிதான் போலிருக்கிறது என்று நினைத்து, நம் பனியன் கம்பெனிக் கொட்டகையில் கேமராவை வேஸ்ட் துணி மூட்டைமேல் வைத்துப் பிடித்துக்கொண்டு, "ஆரும் அசையாதீங்க!" என்று சத்தம் போட்டேன். எல்லோரும் மூச்சைப் பிடித்து நின்றார்கள். ஒரு காது குத்தி முடித்த ஆசாரியும் ஊசியைத் தூக்கிய கையோடு நின்றுவிட்டார். அந்த ஊசியையே பார்த்துக்கொண்டிருந்த சௌமியா குதித்தோடிப் பந்தி மேஜைக்கடியில் புகுந்துகொண்டாள். பிடிக்க ஒருத்தரும் அசையவில்லை, நான்தான் அசையக்கூடாதென்றேனே! அப்புறம் எவ்வளவு கெஞ்சியும் வரவில்லை. ஒற்றைத் தோடோடு திரிகிறாள். உன் தங்கச்சி என்னோடு பேசுவதில்லை. தப்பு என் பேரிலா ஆசாரி பேரிலா, எனக்கே விளங்கவில்லை. கேசட்டைப் பார்த்து நீயே சொல்.

உன் பனியனெல்லாம் அங்கே நல்லபடி விலை போகட்டும். நம் குலசாமி துணைக்கு உன் பெட்டியோடேயே வரும்.

இப்படிக்கு,
அம்மா நஞ்சம்மாள்

பி.கு: கடிதத்தை ஒட்டும் முன் கேசட்டைப் போட்டுப் பார்த்தோம். கந்தப்பன் சிவப்புப் பொத்தானை அமுக்கி, ஓடவிட்டுத்தான் என் கையில் கொடுத்தானாம். அது தெரியாமல் நானும் அதையே அமுக்கியதில், நான் ஓட்டியதெல்லாம் நின்றிருக்கிறது, நிறுத்தியதெல்லாம் ஓடியிருக்கிறது. காதுகுத்தே அதில் இல்லை. மூட்டைமேல் வைத்துவிட்டுப் போன கேமராவில் விழுந்திருப்பது மேஜைக்கடியில் குந்தியிருக்கும் கந்தப்பன், முழுத் தலையோடு. சௌமியாவுக்கு லட்டைப் பிட்டு ஊட்டிக்கொண்டே சொல்கிறான்: "அழுகாத கண்ணு. நான் சும்மா மடி குடுத்தவன். அந்தக் காது உம்பட மாமனுக்கு. அவன் வரட்டும்." உன் தங்கச்சி அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். நீ வந்ததும் மற்றக் காதைக் குத்த ஆசாரியிடம் சொல்லிவைத்திருக்கிறேன். சீக்கிரம் வா சாமி. அன்றைக்குக் கேமரா கந்தப்பன் கையில் இருக்கட்டும்.