கோமதி அழுத கோடை

தில்லியில் நான் பார்த்த டாக்டர்களிலேயே, எந்நேரமும் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பும் முகத்தில் கவலையுமாக அலைந்து, ஒரு மனுஷரைக்கூடத் தொட்டுப் பார்க்காதவர் ஒருவர்தான். அவருக்கு வைத்தியமும் தெரியாது, காதும் சரியாகக் கேட்காது. அவர் சைக்கிள் செய்கிறவர்.

எழுபதுகளின் கடைசியில், கரோல் பாகில் ஒரு சந்துக்குள் இருந்தது அவருடைய பட்டறை. கீழே பட்டறையும் முற்றமும். மாடியில் அவரும் மாமியும். அதற்கும் மேலே, மொட்டைமாடியில் இருந்த ஒற்றை அறையில், சர்க்கார் குமாஸ்தாவாகிய நான். அந்த மாதிரி அறைக்கு தில்லியில் பர்சாத்தி என்று பெயர். பர்சாத் என்றால் மழை. மழையை ரசிக்கலாம் என்று சொல்லித்தான் வாடகைக்கு விட்டார்கள். ஜூன் மாத வெயிலைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை.

சந்துக்கு அவர் டாக்டர் சாப், எனக்கு டாக்டர் மாமா. ஸ்டெதஸ்கோப் பழைய சாமான் கடையில் வாங்கியது. ஒவ்வொரு சைக்கிளையும் ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, அச்சில் அதை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். பிறகு, அச்சுக்குள் உருளும் இரும்புக் குண்டுகளைப் பற்றி ஒரு தீர்ப்பு.

"பால்ரஸ் ஒண்ணு இருமறதுடா. கழட்டு!"

ஒரு தடவை பஞ்சாபி அம்மாள் ஒருத்தி இருமல் குழந்தையோடு வந்து நின்றாள். மாமாவுக்கு அவள் சொன்னது பாதிதான் காதில் விழுந்தது. திரும்பிக்கூடப் பார்க்காமல், "தேல் டாலோ" என்றார். எண்ணெய் போடு என்று அர்த்தம். அவள் கடுகெண்ணெயைச் சுடவைத்துக் குழந்தையின் மார்பில் தடவினாள். இருமல் நின்றுவிட்டது! அதற்குப் பிறகு அவர் பெயரை யாரால் மாற்ற முடியும்?

அவர் செய்த சைக்கிளின் பெயர் கோமதி. அது மாமியின் பெயர். ஒவ்வொரு சைக்கிளின் நெற்றியிலும் மஞ்சள் எழுத்தில் மாமி பளபளத்தாள். மாமி திருநெல்வேலிப் பக்கம். அந்தச் சந்தில் தமிழ் பேச அவளுக்குக் கிடைத்தவர்கள் இரண்டே பேர். நான் காலையில் ஆபீஸ் போனால் இருட்டித்தான் வருவேன். மிச்சமிருந்தவருக்குக் காது மந்தம்.

கோமதி பார்க்க லட்சணம். ஆனால் குழாய்களின் ஒட்டு நிற்காது. ஒரு வாடிக்கையாளர் ஹாண்டில்பாரை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு நடந்தே வந்து, "டாக்டர் சாப், பாக்கி பஸ் ஸ்டாப்பில் கிடக்கிறது" என்று ஹிந்தியில் சொல்லிவிட்டுப் போனார். மாமா மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில் நோயைக் கண்டுபிடித்தது அவரேதான். குழாய்களைப் பித்தளை உருக்கி ஒட்டும்போது உள்ளே மாட்டிக்கொள்ளும் சூட்டுக்காற்று, ஒட்டைக் கெடுக்கிறது. குழாயில் ஒரு சின்ன ஓட்டை போட்டால் காற்று வெளியே போய்விடும்.

அதுவரை சரிதான். ஒட்டுகிற வேலை பார்த்த குர்தீப், ஓட்டையை உள்பக்கமாகப் போட்டு, வேலை முடிந்ததும் அடைத்துவிடலாம் என்றான். மாமா குதித்தார். ஓட்டை முன்பக்கம்தான் இருக்க வேண்டும், திறந்தேதான் இருக்க வேண்டும், ஸ்டெதஸ்கோப்பை அதன் மேல் வைத்தால்தானே உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்கும்!

ஒட்டு நின்றது. ஒரு பெரிய ஆபீஸ் தன் பியூன்களுக்காகக் கோமதிகளை மொத்தமாக வாங்கியது. மாமா சந்து முழுக்க ஜிலேபி கொடுத்தார்.

பிறகு லூ வந்தது. ராஜஸ்தான் மணலையும் நெருப்பையும் சேர்த்து அள்ளிக்கொண்டு வரும் காற்று அது. மத்தியானத்தில் தில்லி கதவு ஜன்னல் எல்லாம் சாத்திக்கொண்டு செத்துக் கிடக்கும். எனக்கு மஞ்சள் காமாலை வந்து, லீவில் அறையிலேயே கிடந்தேன். அப்போதுதான் முதல் தடவை கேட்டேன். தூரத்தில் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள்.

வாய்விட்டு அழுகிற அழுகை இல்லை. புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு, வெளியே தெரியாமல் அழுவார்களே, அது. வெறிச்சோடிய சந்துக்குள் அது கிட்டக் கிட்ட வந்தது. நிழலில் படுத்திருந்த நாய் எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டு நடுங்கியது. ஜன்னலைத் திறந்து பார்த்தேன். பெண் யாரும் இல்லை. ஒரு பியூன் பேயறைந்த முகத்தோடு சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தான். பயத்தில் அவன் வேகமாக மிதிக்க மிதிக்க, அழுகையும் பெரிதாகியது. பட்டறை வாசலில் சைக்கிளைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஓடினான்.

ஒரே வாரத்தில் அந்த ஆபீஸ் எல்லாக் கோமதிகளையும் திருப்பி அனுப்பிவிட்டது. சில ஹாண்டில்பார்களில் எலுமிச்சம்பழமும் பச்சைமிளகாயும் தொங்கின. முற்றத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். காற்று கிளம்பியது. ஒன்று தொடங்க, அடுத்தது அதைத் தொட்டுக்கொள்ள, வரிசை முழுக்க ஒப்பாரி! மொட்டைமாடியில் அந்த வெயிலிலும் எனக்கு உடம்பெல்லாம் சில்லிட்டது.

பக்கத்துத் தெருப் பெண்கள் வெள்ளைத் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு துக்கம் கேட்க வந்து உட்கார்ந்துவிட்டார்கள். யார் போனது என்று கேட்டார்கள். மாமாவுக்கு எதுவும் விளங்கவில்லை. எல்லோருக்கும் டீ கொடுத்து, ஆளுக்கொரு சைக்கிளைக் காட்டினார்.

நான் கீழே இறங்கிப் போய் அவர் காதருகே கத்தினேன்.

"மாமா, சைக்கிள் அழறது!"

"எது?"

"எல்லாமே!"

அவர் ஒவ்வொன்றாகப் போய், ஓட்டையில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். வைத்தவுடன் அது வாயை மூடிக்கொண்டது. எடுத்தவுடன் மறுபடி அழுதது. எடுத்த பிறகுதான் அவருக்குக் காது கேட்காதே!

"ஒண்ணும் இல்லையேடா. மூச்சு நன்னா இருக்கே. உனக்குத்தான் காமாலை."

மாடிப்படியில் மாமி நின்றிருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"ஊரெல்லாம் கோமதி அழறா, கோமதி அழறான்னு பேசறது. காய்காரன்கூட என்னைப் பாத்தா வண்டியைத் திருப்பிண்டு போறான். நான் எங்க அண்ணாகிட்டப் போறேன். ஞாயித்துக்கிழமை ரயில். இனிமே வரமாட்டேன்."

இதையும் என்னிடம்தான் சொன்னாள். அவருக்குச் சொல்லி என்ன பயன்? டிரங்குப் பெட்டியில் புடவைகளை அடுக்கத் தொடங்கிவிட்டாள்.

அவரை எப்படியாவது கேட்க வைத்தாக வேண்டும். மறுநாள் மத்தியானம் குர்தீப்பும் நானும் ஒரு கோமதியை மொட்டைமாடிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். மாமாவையும் இழுத்துக்கொண்டு போனோம். வழக்கம்போல ஓட்டையில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். அழுகை நின்றது. அந்த நேரம் பார்த்து ஒரு பேய்க்காற்று. சைக்கிள் சாய, பிடிக்கப் போன அவர் கை நழுவி, ஸ்டெதஸ்கோப் ஓட்டையை விட்டுப் பக்கத்துக் குழாயில் போய் நின்றது. ஓட்டை திறந்துகொள்ள, அழுகை குழாய் வழியாக அவர் காதுக்குள் போனது.

மாமா அப்படியே உறைந்துபோனார். அனல் முகத்தில் அடிக்க, கண்ணை மூடவேயில்லை.

"இது... கோமதிடா" என்றார்.

அவர் சைக்கிளைச் சொல்லவில்லை.

"எங்க குழந்தை போனப்போ இவ இப்படித்தான் அழுதா. அப்போ எனக்குக் காது நன்னாக் கேக்கும்."

அவர்களுக்கு ஒரு குழந்தை இருந்ததே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அன்று மாலையே குர்தீப்பும் அவரும் உட்கார்ந்து முற்றத்திலிருந்த ஓட்டை அத்தனையையும் பித்தளை வைத்து அடைத்தார்கள். சனிக்கிழமை மத்தியானம் லூ வெறிபிடித்து அடித்தது. சைக்கிள்கள் வாயே திறக்கவில்லை. மொட்டைமாடியில் நின்ற ஒன்றை மட்டும் என் அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தியிருந்தேன். மாமா முற்றத்து நிழலில் பெஞ்சியில் படுத்திருந்தார். நான் அவர் பக்கத்தில் மோர் குடித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது மறுபடியும் அந்த அழுகை.

டம்ளரைக் கீழே வைத்தேன். வரிசையைப் பார்த்தேன். ஓட்டை எல்லாம் அடைத்துத்தான் இருந்தது. சத்தம் மேலே, சமையலறையிலிருந்து வந்தது. எத்தனை வருஷத்து மத்தியானங்களாக வந்துகொண்டிருந்ததோ!

திரும்பினால், மாமா எழுந்து உட்கார்ந்திருந்தார். தலையைச் சாய்த்து மாடியைப் பார்த்தார். ஸ்டெதஸ்கோப் சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. பட்டாசு வெடித்தால் திரும்பிப் பார்க்காத மனுஷர்! எப்படிக் கேட்டார் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. நினைத்தால் இப்போதும் ரோமம் நிற்கிறது. செருப்பைக்கூடப் போட்டுக்கொள்ளாமல் கொதிக்கிற படிகளில் ஏறினார்.

"கோமதி, நீ அழறயா?"

பிறகு மாமியின் குரல்.

"இப்பத்தான் கேட்டுதா உங்களுக்கு?"

ஞாயிற்றுக்கிழமை ரயில் மாமி இல்லாமல் போனது. அந்த ஆபீஸ் சைக்கிள்களைத் திரும்ப வாங்கிக்கொண்டது. மத்தியானங்களில் மாமா பட்டறையை மூடிவிட்டு மாடிக்குப் போய்விடுவார். மாமி அவர் காதருகே உட்கார்ந்து சத்தமாகத் திருநெல்வேலிக் கதை பேசுவாள். சந்துக்கே கேட்கும்.

மொட்டைமாடிக்குத் தூக்கிப்போன கோமதி மட்டும் அங்கேயே நின்றது. அதை அடைக்க மாமா விடவில்லை. நான் வீடு மாறிப் போய், பல வருஷம் கழித்து, மாமி காலமான செய்தி கேட்டு ஒரு ஜூன் மாதம் போனேன். கீழே ஆளில்லை. மேலே போனால், கொளுத்துகிற காற்றில் மாமா அந்தச் சைக்கிளின் அருகே குந்தி, ஸ்டெதஸ்கோப்பை ஓட்டைக்குப் பக்கத்தில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"என்ன மாமா இது, இந்த வெயில்ல?"

"செக்கிங்டா" என்றார்.

இப்போது மாமாவும் இல்லை. அந்தக் கோமதி என் வீட்டு மொட்டைமாடியில் நிற்கிறது. லூ அடிக்கும்போது தில்லி முழுக்க ஜன்னலைச் சாத்திக்கொள்கிறது. நான் மொட்டைமாடிக் கதவை மட்டும் திறந்து வைத்திருக்கிறேன். மாமாவுக்குப் பதிலாக யாராவது கேட்க வேண்டாமா?