அரசன் பேசும்போது விரிப்பு மடிப்பது குறித்து

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு, உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு என்னைத் தவிர அனைவரும் நலம். அங்கு உங்கள் முழங்காலும் வீட்டிலுள்ளோரும் நலமாயிருக்க வேண்டுகிறேன்.

முப்பத்தொரு வருடம் நீதிமன்றத்தில் அடுத்தவர் சொன்னதையே தட்டச்சு செய்தவன் நான் என்பது தாங்கள் அறிந்ததே. ஓய்வுபெற்றதும் சொந்த வார்த்தையில் ஐந்து அங்க நாடகம் ஒன்று எழுதினேன். நாடகக் குழுக்காரர் ஒருவர் அதை எட்டு மாதம் வைத்திருந்து, நான் கட்டிக்கொடுத்த கயிறு அவிழாமலே திருப்பித் தந்தார். ஆகவே நானே அரசன், நானே மந்திரி, நானே ராணி என்று காட்சி காட்சியாக நடித்து இணையத்தில் வீடியோவாக ஏற்றிவருகிறேன்.

மாடியில் மூன்று அறைகளை வாடகைக்கு விடுகிறோமே, வந்துபோகிறவர்களின் படுக்கை விரிப்புகளை உங்கள் தங்கை தினமும் துவைத்து மடிக்க வேண்டியிருக்கிறது. வெளிச்சம் உள்ள அறை வீட்டில் ஒன்றுதான். முன்னால் நான், பின்னால் அவள். வினை அங்கேதான் வந்தது. செல்போன் கேமரா அசைகிறவர்களைத்தான் தெளிவாகப் பிடிக்குமாம். அரசன் அசைவானா? கம்பீரமாக நின்றேன், புகையாக விழுந்திருக்கிறேன். மூன்றாம் அங்கத்தைப் பதினோரு தடவை எடுத்தாகிவிட்டது, பதினோரு தடவையும் புகைதான். நாலு மூலையிலும் எலாஸ்டிக் வைத்த விரிப்பை அவள் நாலே உதறலில் நோட்டுப் புத்தகமாக மடிப்பதை மட்டும் நாற்பதாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். மந்திரி விஷம் குடிக்கிறான், வீடியோவுக்குக் கீழே ஒருவர் 'அம்மா, அந்த ரெண்டாவது மூலையை மறுபடி காட்டுங்க' என்று எழுதுகிறார். இன்னொருவர், 'முன்னாடி நிக்கிற அய்யா கொஞ்சம் நகர்ந்தா நல்லாயிருக்கும்' என்கிறார். நகர்த்தி வைக்க நான் என்ன நாற்காலியா? உங்கள் மருமகளிடம் முறையிட்டேன். நான் பெற்ற மகளாயிற்றே, வீடியோக்களை ஏற்றித் தருகிறவளும் அவள்தானே என்று நம்பித்தான் முறையிட்டேன். அவள் இருந்த இடத்திலிருந்தே 'மன்னன் மறுத்த மகுடம்' என்ற தலைப்பை எடுத்துவிட்டு, 'விரிப்பு மடிக்க எளிய வழி' என்று போட்டுவிட்டாள். வேலியே பயிரை மேய்கிறது.

மச்சான், எனக்குப் புகழெல்லாம் வேண்டாம். நான் எழுதினதை ஒருத்தர், ஒரே ஒருத்தர், கடைசிவரைக்கும் காது கொடுத்துக் கேட்டா போதும். அதுக்குத்தான் இவ்வளவு பாடும். உங்க தங்கச்சிகிட்ட 'வேற ரூம்ல மடிக்கக் கூடாதா'ன்னு கேட்டா, 'இருட்டுல மடிச்சா கறை தெரியாது, வேணும்னா நீங்க இருட்டுல போய் ராஜாவா இருங்க'ங்கறா. நியாயத்தை நீங்கதான் கேக்கணும். ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டு வாங்க. அதுவரைக்கும் கேமரா முன்னாடி வாயே திறக்கறதா இல்லை. அவ தனியா மடிக்கட்டும், எத்தனை பேர் வர்றாங்கன்னு நானும் பார்க்கிறேன்.

பெரியவர்களுக்கு வணக்கமும் சிறியவர்களுக்கு ஆசியும், இரண்டிலும் சேராதவர்களுக்கு என் விசாரிப்பும்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டு மாப்பிள்ளை, முன்னாள் அரசன்

பி.கு.: உறையை ஒட்டுமுன் இதையும் எழுதிவிடுகிறேன். இன்று காலை சொன்னபடியே வாய் திறக்காமல் நின்றேன். உங்கள் தங்கை விரிப்பின் முதல் மூலையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். பிறகு உதறினாள். மூட்டையாக வந்தது. மறுபடி உதறினாள், மறுபடியும் மூட்டை. "என்ன மரம் மாதிரி நிக்கிறீங்க? மந்திரி விஷத்தை எடுத்தாத்தானே எனக்கு ரெண்டாவது மூலை வரும்? ராணி அழ ஆரம்பிச்சாத்தானே உதற முடியும்? ஒத்திகையிலேர்ந்தே உங்க வசனத்துக்குத்தான் மடிச்சிட்டிருக்கேன்" என்று சத்தம் போட்டு, மந்திரியின் வசனத்தை ஒரு சொல் பிசகாமல் எடுத்தும் கொடுத்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆகவே தாங்கள் நியாயம் கேட்கத் தேவையில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை அவசியம் வரவும். நான்காம் அங்கம் கொஞ்சம் நீளம். வரும்போது இரட்டைக் கட்டில் விரிப்பாக நான்கு வாங்கி வரவும்.